டிவி மரியோ கைக்குள் வந்தது எப்படி? சின்னத் திரைக்காக மாறிய கேம்களின் கதை

1995ஆம் ஆண்டு நின்டெண்டோவின் கேம் பாய் கருவிக்கு 'டாங்கி காங் லேண்ட்' என்ற கேம் வெளியானது. அதோடு வந்த கையேட்டில் ஒரு குட்டிக் கதை உண்டு.

கிராங்கி காங் என்ற கிழட்டுக் குரங்கு, கதாநாயகன் டாங்கி காங்கை வம்புக்கு இழுக்கிறது. அதற்கு முந்தைய வருடம் வந்த 'டாங்கி காங் கன்ட்ரி' சூப்பர் ஹிட் ஆனதற்குக் காரணமே பளபள கிராபிக்ஸும் சத்தமும்தானாம். அதெல்லாம் இல்லாத 8 பிட் கையடக்கக் கருவியில் உன்னால் ஜெயிக்க முடியாது என்று பந்தயம் கட்டுகிறது.

படிக்க காமெடியாக இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் ஒவ்வொரு கேம் நிறுவனத்துக்கும் இது நிஜமான தலைவலி. வீட்டு டிவியில் ஓடி ஹிட்டான ஒரு கேமை, உள்ளங்கை அளவு கருவிக்குள் கொண்டுவரும்போது எதை வைத்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது? அந்த பந்தயத்தில் ஜெயித்தது யார், தோற்றது யார்? விரிவாகப் பார்ப்போம்.

பிளாட்ஃபார்மர் என்றால் என்ன?

ஓடுவது, தாவுவது, பள்ளத்தைத் தாண்டுவது, மேலே இருக்கும் மேடையில் ஏறுவது. இதுதான் பிளாட்ஃபார்மர் வகை கேம். மரியோ, சோனிக், மெகா மேன், கிர்பி எல்லாமே இந்த ரகம்தான்.

இந்த வகை கேமில் ஒரு விஷயம் ரொம்ப முக்கியம். முன்னால் என்ன வருகிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். பள்ளம் வருகிறதா, எதிரி வருகிறானா என்று பார்த்து, அரை நொடியில் முடிவெடுத்துத் தாவ வேண்டும். திரை சின்னதானால் பார்க்கும் தூரம் குறையும். தூரம் குறைந்தால் யோசிக்கும் நேரமும் குறையும். சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

சிக்கல் எவ்வளவு பெரிசு?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். ஜப்பானில் ஃபேமிகாம் என்றும் அமெரிக்காவில் என்.இ.எஸ். என்றும் விற்ற நின்டெண்டோ வீட்டு கன்சோலின் படம் 256 x 240 பிக்சல். மொத்தம் 61,440 புள்ளிகள். 1989ல் வந்த கேம் பாய் திரை 160 x 144 பிக்சல். மொத்தம் 23,040 புள்ளிகள்தான். அதாவது பாதி கூட இல்லை.

சேகாவின் மெகா டிரைவ் கன்சோலில் 1991ல் வந்த 'சோனிக் தி ஹெட்ஜ்ஹாக்' 320 x 224 பிக்சலில் ஓடியது. சேகாவின் கையடக்கக் கருவியான கேம் கியர் திரையும் 160 x 144 தான். மூன்றில் ஒரு பங்கு கூட வராது.

அதோடு முடிந்ததா? இல்லை. கேம் பாயில் கலரே கிடையாது. பச்சை கலந்த பின்னணியில் நான்கு சாயல்கள் மட்டும்தான். திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. வேகமாக ஏதாவது நகர்ந்தால் படம் இழுவி, மங்கலாகத் தெரியும். நான்கு பேட்டரியில் நாள் முழுக்க ஓட வேண்டும் என்பதற்காகத் தெரிந்தே செய்த சமரசம் அது.

ஏன் அப்படி ஒரு சமரசம்?

கேம் பாயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். 1965ல் நின்டெண்டோவில் சேர்ந்து, தொழிற்சாலை இயந்திரங்களைப் பராமரிக்கும் வேலையில் தொடங்கியவர். புத்தம் புது தொழில்நுட்பத்தின் பின்னால் ஓடாதே, விலை குறைந்த, நன்றாகப் பழகிப்போன தொழில்நுட்பத்தைப் புது விதமாகப் பயன்படுத்து என்பது அவருடைய கொள்கை.

போட்டியாளரான கேம் கியரில் கலர் இருந்தது, திரைக்கு வெளிச்சம் இருந்தது. ஆனால் ஆறு பேட்டரி போட்டாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் காலி. அமெரிக்காவில் கேம் பாய் அறிமுக விலை சுமார் 90 டாலர், கேம் கியர் விலை சுமார் 150 டாலர். கடைசியில் கேம் பாயும் அதன் கலர் வாரிசும் சேர்ந்து உலகம் முழுக்க 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன.

சரி, கருவி ஜெயித்துவிட்டது. அதற்குள் கேமை எப்படித் திணித்தார்கள்? பொதுவாக மூன்று வழிகள் இருந்தன.

வழி 1: பெயர் மட்டும் பழசு, கேம் புதுசு

கேம் பாய் அறிமுகமான அதே நாளில், 1989 ஏப்ரல் 21 அன்று, ஜப்பானில் 'சூப்பர் மரியோ லேண்ட்' வெளியானது. மரியோவை உருவாக்கிய ஷிகெரு மியாமோடோ இதைச் செய்யவில்லை. யோகோய் தயாரிப்பாளர், சதோரு ஒகாடா இயக்குநர். கருவியை வடிவமைத்த குழுவே கேமையும் செய்தது.

அவர்கள் 1985ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' கேமை அப்படியே சுருக்க முயலவில்லை. டிவி மரியோவில் ஒரு செங்கல் கட்டம் 16 பிக்சல். லேண்டில் அதை 8 பிக்சலாக்கிவிட்டார்கள். அதனால் சின்னத் திரையிலேயே குறுக்கே 20 கட்டங்கள் தெரிந்தன. டிவியில் தெரிந்ததே 16 கட்டங்கள்தான். மரியோ எறும்பு சைஸில் இருந்தாலும், முன்னால் வருவது நன்றாகவே தெரிந்தது.

விதிகளையும் மாற்றினார்கள். ஆமை மேல் குதித்தால் டிவி மரியோவில் ஓடு மட்டும் மிஞ்சும், அதை உதைத்து விளையாடலாம். இங்கே அந்த ஓடு வெடித்துவிடும். நெருப்புப் பந்துக்குப் பதிலாக, சுவரில் பட்டுத் திரும்பி வரும் ரப்பர் பந்து மாதிரி ஒன்று. நடுவில் மரியோ நீர்மூழ்கியில் போகிறார், விமானத்தில் பறந்து சுடுகிறார்!

மொத்தம் 12 நிலைகள் மட்டுமே. கை பழகியவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். விட்ட இடத்திலிருந்து தொடரும் சேவ் வசதி கிடையாது. அது கேமின் சைஸுக்குப் பொருந்திப்போனது. இந்த வினோத மரியோ 1 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றது.

வழி 2: பழசை எடுத்து விரிவாக்குவது

இதற்கு ரொம்ப நல்ல உதாரணம் 1994ல் கேம் பாய்க்கு வந்த 'டாங்கி காங்'.

மூல கேம் 1981ல் கடைகளில் காசு போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரத்தில் வந்தது. குரங்கு பீப்பாய் உருட்டும், மரியோ ஏணி ஏறிப் போய் பெண்ணை மீட்பார். மொத்தமே நான்கு திரைகள். பிறகு வீட்டு கன்சோலுக்கும் வந்தது.

கேம் பாய் பதிப்பைப் போட்டால் முதலில் அதே நான்கு திரைகள் வரும். முடித்ததும், அவ்வளவுதானா என்று நினைப்போம். அப்போதுதான் குரங்கு மறுபடியும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓடும், கேம் நிஜமாகத் தொடங்கும். இன்னும 97 நிலைகள் காத்திருக்கும். ஆகமொத்தம் 101.

புது நிலைகளில் பெரும்பாலும் ஒரு சாவியை எடுத்துக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும். எந்த வழி, எந்த ஏணி, எப்போது தாவுவது என்று யோசிக்க வேண்டும். வேகம் பின்னுக்குப் போய் மூளைக்கு வேலை வந்துவிட்டது. படம் இழுவித் தெரியும் திரைக்கு இது கச்சிதமான பொருத்தம். ஒவ்வொரு நிலையும் குட்டியாக இருப்பதால் பஸ் வரும் வரை ஒன்று, வந்த பிறகு ஒன்று என்று விளையாடலாம்.

மெகா மேன் தொடரும் கிட்டத்தட்ட இதே பாதையில் போனது. 1991ல் வந்த முதல் கேம் பாய் மெகா மேன், டிவியில் வந்த முதல் இரண்டு பாகங்களின் வில்லன்களைக் கலந்து எடுத்துக்கொண்டது. 1994ல் வந்த ஐந்தாவது கேம் பாய் பாகத்திலோ, மோத வேண்டிய முக்கிய வில்லன் ரோபோக்கள் எல்லாம் புதியவர்கள்.

வழி 3: இருப்பதையே சுருக்குவது

சொல்வதற்கு இதுதான் ஈஸி. செய்து பார்த்தபோதுதான் அடி வாங்கினார்கள்.

முதலில் சோனிக். 1991ல் வந்த முதல் கேமின் 8 பிட் பதிப்பை, இசையமைப்பாளர் யூசோ கோஷிரோவின் ஏன்ஷியன்ட் நிறுவனம் புதிதாகவே எழுதியது. பாலம், காடு என்று டிவி பதிப்பில் இல்லாத பகுதிகளும் இருந்தன. சோனிக்கின் அடையாளமான வட்டச் சுழல் பாதைகள் இல்லை. வேகத்தைக் குறைத்து, தாவலைக் கூட்டினார்கள். நன்றாகவே வந்தது.

அடுத்த வருடம் வந்த 8 பிட் 'சோனிக் 2' வேறு கதை. சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் வீட்டு கன்சோலுக்கும் கேம் கியருக்கும் கிட்டத்தட்ட ஒரே கேம். கேம் கியரில் ஓரங்கள் மட்டும் வெட்டப்பட்டிருந்தன. விளைவு? முதல் பெரிய மோதலிலேயே, சரிவில் குதித்துக் குதித்து வரும் உருண்டைகளைப் பார்த்து விலகுவதற்குள் மேலே விழுந்துவிடும். டிவியில் பார்த்துத் தப்பிக்க நேரம் இருந்தது, கையில் இல்லை. தொடக்கத்திலேயே பலரை மண்ணைக் கவ்வ வைத்த இடம் அது.

1999ல் கேம் பாய் கலருக்கு வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் டீலக்ஸ்' கேமிலும் இதே பிரச்சினை. முதல் மரியோவை மாற்றாமல் கொண்டுவந்தார்கள். கட்டம் அதே 16 பிக்சல். அதனால் குறுக்கே 16 கட்டங்களுக்குப் பதில் 10, மேலும் கீழும் 15க்குப் பதில் 9. கீழே பள்ளம் இருக்கிறதா என்று தெரியாமலே குதிக்க வேண்டிய நிலை.

ஆனால் இந்தக் குழு சும்மா விடவில்லை. மேல், கீழ் பட்டனை அழுத்தினால் திரை கொஞ்சம் நகர்ந்து மறைந்த பகுதியைக் காட்டும்படி செய்தார்கள். சவால் நிலைகள், சிவப்பு நாணய வேட்டை என்று புதுசாகச் சேர்த்தார்கள். 3 லட்சம் புள்ளி எடுத்தால் இரண்டாவதாக ஒரு முழு மரியோ கேமே திறக்கும். வெட்டியதற்கு ஈடாக அள்ளிக் கொடுத்தார்கள் என்றே சொல்லலாம்.

பந்தயம் என்ன ஆச்சு?

இப்போது நம் கிழட்டுக் குரங்கிடம் திரும்புவோம். 'டாங்கி காங் கன்ட்ரி' கேமின் படங்கள் விலை உயர்ந்த சிலிக்கான் கிராபிக்ஸ் கணினிகளில் முப்பரிமாணமாக உருவாக்கப்பட்டவை. ரேர் நிறுவனம் கேம் பாயிலும் அதே தோற்றத்தைக் கொண்டுவர ஆசைப்பட்டது.

நிலைகளைப் புதிதாகவே வடிவமைத்தார்கள். ஆனால் படங்களை விடவில்லை. பின்னணியில் இலை, மரம், கயிறு என்று அத்தனை நுணுக்கம். கலர் டிவியில் அழகு. நான்கு சாயல் திரையில் எது பின்னணி, எது எதிரி, எது நம் குரங்கு என்றே பிரித்துப் பார்க்க முடியவில்லை. டிவியில் டாங்கி முன்னால் ஓட டிட்டி பின்னாலேயே வருவான். இங்கே ஒரு நேரத்தில் ஒருவர்தான் திரையில்.

கேம் நன்றாக விற்றது. ஆனால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு விளையாட வேண்டியிருக்கிறது என்ற குறை இன்றுவரை அதைவிட்டுப் போகவில்லை. கிராபிக்ஸ் இல்லாமலும் ஜெயிப்போம் என்று பந்தயம் கட்டிய கேம், கிராபிக்ஸை விட மனசில்லாமல்தான் தடுமாறியது. பந்தயத்தை உண்மையில் ஜெயித்தது, அதற்கு ஒரு வருடம் முன்பே 101 நிலைகளோடு வந்த இன்னொரு டாங்கி காங்.

கருவி வளர்ந்ததும் பிரச்சினை தீர்ந்ததா?

பாதி தீர்ந்தது. 2001ல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் திரை 240 x 160 பிக்சல். சூப்பர் நின்டெண்டோ காலத்து கேம்களைக் கிட்டத்தட்ட அப்படியே கொண்டுவர முடிந்தது. 'சூப்பர் மரியோ அட்வான்ஸ்' வரிசையில் 2003க்குள் நான்கு கேம்கள் வந்தன.

அப்போதும் சில மாற்றங்கள் தேவைப்பட்டன. புதுக் கருவியிலும் திரை வெளிச்சம் இல்லாததால், 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' கேமின் நிறங்களை வெளிறிய சாயலுக்கு மாற்றினார்கள். இரண்டு பட்டன்கள் குறைவு என்பதால் சுழன்று தாவும் வேலையைத் தோள்பட்டை பட்டனுக்கு மாற்றினார்கள்.

2004ல் இரட்டைத் திரையோடு வந்த நின்டெண்டோ டி.எஸ். கருவியில் 'சூப்பர் மரியோ 64' வந்தது. மூல கேம் 1996ல், எந்தப் பக்கமும் சாயும் குச்சி கொண்ட கன்ட்ரோலருக்காகவே பிறந்தது. டி.எஸ்.ஸில் அந்தக் குச்சியே இல்லை! கூட்டல் குறி பட்டனிலோ தொடுதிரையிலோதான் சமாளிக்க வேண்டும். பதிலுக்கு யோஷி, லூய்ஜி, வாரியோ என்று மூன்று பேரைச் சேர்த்து, 120 நட்சத்திரங்களை 150 ஆக்கினார்கள்.

இன்னொரு பக்கம், 2006ல் முதல் சோனிக் கேமை கேம் பாய் அட்வான்ஸுக்குக் கொண்டுவந்தார்கள். மூல கேமுக்கு அப்போது 15 வயது. ஆனாலும் இந்தப் பதிப்பு திணறித் திணறி ஓடியது, விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பிறகு ரசிகர் ஒருவரே அதே கருவியில் சோனிக்கை மென்மையாக ஓடவைத்து மாதிரி செய்து காட்டினார். அப்போ தப்பு கருவி மேல் இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது.

கையிலிருந்து டிவிக்குப் போனவை

கையடக்க கேம் என்றால் டிவி கேமின் ஏழைத் தம்பி என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

* 1982ல் 'கேம் அண்ட் வாட்ச்' வரிசையில் மடக்கும் கருவியாக ஒரு டாங்கி காங் வந்தது. கைக்கு அடக்கமாக இருக்க யோகோய் அதில் கூட்டல் குறி வடிவப் பட்டனை வைத்தார். அடுத்த வருடம் ஃபேமிகாம் கன்ட்ரோலரில் அதுவே வந்தது. இன்றைய கன்ட்ரோலர்களிலும் இருக்கிறது.

* மரியோ கார்ட்டில் நீங்கள் பார்க்கும் இளவரசி டெய்ஸி முதன்முதலில் தலைகாட்டியது 'சூப்பர் மரியோ லேண்ட்' கேமில்தான்.

* மரியோவின் எதிரி வாரியோ பிறந்தது 1992ல் வந்த 'சூப்பர் மரியோ லேண்ட் 2' கேமில். 1994ல் அவனே கதாநாயகன் ஆகிவிட்டான்.

* கிர்பி 1992ல் கேம் பாயில் பிறந்து, அடுத்த வருடம்தான் டிவிக்குப் போனது. எதிரியை விழுங்கி அவன் சக்தியை எடுத்துக்கொள்ளும் புகழ்பெற்ற திறமை, டிவி பதிப்பில் சேர்ந்தது.

இப்போது ஏன் இப்படி கேம்கள் வருவதில்லை?

2017ல் நின்டெண்டோ ஸ்விட்ச் வந்தது. டிவியில் மாட்டினாலும் கையில் எடுத்தாலும் ஒரே கருவி, ஒரே கேம். கைக்கென்று தனியாக ஒரு மரியோ செய்ய வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. வசதிதான். ஆனால் அந்த நெருக்கடி இல்லாதபோது, அதிலிருந்து பிறந்த விநோதங்களும் இல்லை. விமானம் ஓட்டும் மரியோவை டிவி கேம் குழு யோசித்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

பழைய கேம்களை இப்போது விளையாட முடியுமா?

கவலைப்பட வேண்டிய விஷயம் இதுதான். அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது கடையிலும் இல்லை, ஆன்லைன் விற்பனையிலும் இல்லை. கேம் பாய் குடும்பத்தில் நிலைமை இன்னும் மோசம். விற்பனையில் இருப்பவை 6 சதவீதத்துக்கும் கீழ்.

அதே 2023, மார்ச் 27ல் நின்டெண்டோ 3டி.எஸ். ஆன்லைன் கடையில் விற்பனை நின்றது. பல பழைய கேம் பாய் கேம்களைத் தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க அங்கே வழி இருந்தது. இப்போது ஸ்விட்ச் சந்தாவில் 'சூப்பர் மரியோ லேண்ட் 2', 'கிர்பிஸ் ட்ரீம் லேண்ட்' போன்ற சில இருக்கின்றன. சந்தா கட்டும் வரை விளையாடலாம், சொந்தமாக்க முடியாது.

பழைய கேசட் கையில் இருக்கிறதே என்றால், அதிலும் ஒரு சிக்கல். சேவ் வசதி உள்ள பல கேசட்டுகளுக்குள் ஒரு சின்ன பட்டன் பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் சேவ் செய்தது எல்லாம் அழிந்துவிடும். 30 வருடம் ஆன கேசட்டுகளில் பல பேட்டரிகள் ஏற்கனவே காலி. நல்ல வேளையாக பேட்டரியை மாற்ற முடியும், கேமும் அழியாது.

டிவியில் வந்த பெரிய கேம்களை ஒவ்வொரு தலைமுறைக் கருவிக்கும் நிறுவனங்களே திரும்பத் திரும்ப வெளியிடுகின்றன. கைக்காக மாற்றி எழுதிய பதிப்புகள் பல நேரம் அந்தப் பட்டியலில் விடுபட்டுப் போகின்றன, மூல கேம்தான் இருக்கிறதே என்ற காரணத்தால். ஆனால் மேலே பார்த்த மாதிரி, 1981ன் நான்கு திரை டாங்கி காங் வேறு, 1994ன் 101 நிலை டாங்கி காங் வேறு. ஒன்றைப் பத்திரப்படுத்தினால் இன்னொன்றும் பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

சுருக்கமாக...

* கேம் பாய் திரையில் இருந்த புள்ளிகள், என்.இ.எஸ். டிவி படத்தில் இருந்ததில் பாதி கூட இல்லை.

* திரைக்கு ஏற்ப விதிகளையே மாற்றிய கேம்கள் ஜெயித்தன. உதாரணம்: சூப்பர் மரியோ லேண்ட், டாங்கி காங் 1994.

* டிவி கேமின் தோற்றத்தை விடாமல் பிடித்தவை தடுமாறின. உதாரணம்: டாங்கி காங் லேண்ட்.

* கூட்டல் குறி பட்டன், டெய்ஸி, வாரியோ, கிர்பி எல்லாம் கையடக்க கேம்கள் தந்தவை.

* கேம் பாய் குடும்ப கேம்களில் 6 சதவீதத்துக்கும் குறைவாகவே 2023 ஆய்வின்போது விற்பனையில் இருந்தன.

பரணில் பழைய கேம் பாயோ கேசட்டோ கிடந்தால், குப்பை என்று தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கடையில் தேடினாலும் கிடைக்காத ஒன்று அதற்குள் இருக்கலாம்.